கரோலின் நார்ட்டனின் திருமண நினைவுநூல்களும் இங்கிலாந்தின் மணமுறிவுச் சட்டமும்

கரோலின் நார்ட்டன் (1808–1877) பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த கவிஞர், புதின ஆசிரியர். தம் காலத்தில் கவிதைகளாலும் கதைகளாலும் புகழ் பெற்றார். ஆயினும் வரலாற்றில் அவர் இடம்பெறுவது, தம் திருமண வாழ்க்கை முறிந்த கதையைத் தாமே எழுதி அச்சிட்ட இரண்டு நூல்களால்தான். 1854இல் வெளிவந்த ‘பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்களுக்கான ஆங்கிலச் சட்டங்கள்’, 1855இல் வெளிவந்த ‘அரசிக்கு ஒரு கடிதம்’ ஆகியவையே அவை. தன்வரலாறாகவும் சட்ட விமரிசனமாகவும் அமைந்த இந்நூல்கள், 1857ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில் சில பிரிவுகள் இடம்பெறத் துணை நின்றன. அந்தச் சட்டத்தின் வழி வந்த விதிகள் இந்தியாவிலும் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தன.

பிறப்பும் குடும்பமும்

கரோலின் 1808 மார்ச் 22 அன்று லண்டனில் பிறந்தார். புகழ்பெற்ற நாடக ஆசிரியரும் நாடாளுமன்றப் பேச்சாளருமான ரிச்சர்டு பிரின்ஸ்லி ஷெரிடன் இவருடைய தாத்தா. தந்தை தாமஸ் ஷெரிடன் நன்னம்பிக்கை முனையில் அரசுப் பணியில் இருந்தபோது 1817இல் காலமானார். தாய் புதினங்கள் எழுதியவர். குடும்பத்துக்குப் பெயர் இருந்தது, பணம் இல்லை. கரோலின், அக்காள் ஹெலன், தங்கை ஜார்ஜியானா ஆகிய மூவரும் அழகுக்கும் அறிவுக்கும் பெயர் பெற்றிருந்தனர். பிற்காலத்தில் (1884–1888) இந்தியாவின் வைசிராயாக இருந்த டஃப்ரின் பிரபு, இந்த ஹெலனின் மகன்.

வரதட்சணை கொடுக்க வசதியில்லாத அக்குடும்பத்தில், தம்மைக் கேட்டு வந்த வரனை மறுப்பது எளிதாக இல்லை. 1827இல், 19 வயதில், கரோலின் ஜார்ஜ் நார்ட்டன் என்பவரை மணந்தார். ஜார்ஜ் ஒரு வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர், கிரான்ட்லி பிரபுவின் தம்பி.

அன்றைய சட்டத்தில் மனைவியின் நிலை

கரோலின் ஏன் எழுத நேர்ந்தது என்பதை அறிய, அன்றைய ஆங்கிலச் சட்டத்தை முதலில் அறிய வேண்டும். கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே நபர். அந்த ஒரே நபர் கணவனே. திருமணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட இருப்பு கிடையாது.

இதன் விளைவுகள் பல. மனைவியின் நகை, துணிமணி, கூலி, எழுதிப் பெற்ற பணம் எல்லாம் கணவனுக்கே உரியவை. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. கணவன் சம்மதமின்றி உயில் எழுத முடியாது. அவளாகத் தனித்து வழக்குத் தொடுக்கவும் முடியாது. பிள்ளைகள் தந்தைக்கே உரியவர்கள். செல்வக் குடும்பங்கள் அறக்கட்டளை ஏற்பாடுகள் வழியாகத் தம் பெண்களின் சொத்தைக் காத்துக்கொண்டன. மற்றவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

மணமுறிவு பெறுவதோ இன்னும் கடினம். திருச்சபை நீதிமன்றம் கணவன் மனைவி பிரிந்து வாழ மட்டுமே அனுமதி தரும். மறுமணம் செய்ய அனுமதி தராது. முழு மணமுறிவு வேண்டுமானால் கணவன் மூன்று படிகளைக் கடக்க வேண்டும். முதலாவது, திருச்சபை நீதிமன்றத்தில் பிரிவாணை. இரண்டாவது, மனைவியுடன் தகாத உறவு கொண்டதாகச் சொல்லப்படும் ஆணின் மீது நட்டஈட்டு வழக்கு. மூன்றாவது, அந்த ஒரு தம்பதிக்காகவே நாடாளுமன்றம் இயற்றும் தனிச் சட்டம். பெருஞ்செல்வர்களுக்கே இது இயலும். 1857 வரை இவ்வழியில் மணமுறிவு பெற்ற பெண்கள் நால்வர் மட்டுமே.

திருமண வாழ்க்கை

திருமணமான சில வாரங்களிலேயே அடி உதை தொடங்கியதாகக் கரோலின் பின்னாளில் எழுதினார். கணவர் கொதிக்கும் தேநீர்க் கெண்டியைத் தம் கை மீது வைத்து அழுத்திய நிகழ்ச்சியையும் அவர் பதிவு செய்துள்ளார். ஒவ்வொரு முறையும் பிறந்த வீட்டார் தலையிடுவதும், கணவர் மன்னிப்புக் கேட்பதும், கரோலின் திரும்பி வருவதுமாக வாழ்க்கை நகர்ந்தது. ஃபிளெச்சர் (1829), பிரின்ஸ்லி (1831), வில்லியம் (1833) என மூன்று ஆண் குழந்தைகள் பிறந்தனர்.

கரோலின் 1829இல் முதல் கவிதை நூலை வெளியிட்டார். தொடர்ந்து எழுதியும் ஆண்டு மலர்களைத் தொகுத்தும் வீட்டுச் செலவுக்குப் பணம் ஈட்டினார். 1830 தேர்தலில் ஜார்ஜ் தோற்ற பின், அப்போது உள்துறை அமைச்சராக இருந்த மெல்பர்ன் பிரபுவுக்குக் கரோலின் எழுதினார். அதன் பயனாக 1831இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு சம்பளத்தில் குற்றவியல் நடுவர் பதவி ஜார்ஜுக்குக் கிடைத்தது. மெல்பர்ன் பிரபு அவர்கள் வீட்டுக்கு அடிக்கடி வரத் தொடங்கினார். அவர் பின்னர் பிரதமரானார்.

1836ஆம் ஆண்டு வழக்கு

1836 ஈஸ்டர் விடுமுறைக்குக் கரோலின் தம் சகோதரர் வீட்டுக்குச் செல்ல விரும்பினார். அதையொட்டிப் பூசல் எழுந்தது. ஜார்ஜ் மூன்று பிள்ளைகளையும் வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார். தாய்க்கு அவர்களைப் பார்க்கவும் அனுமதி இல்லை. தொடர்ந்து அவர் பிரதமர் மெல்பர்ன் மீதே நட்டஈட்டு வழக்குத் தொடுத்தார். கேட்ட தொகை 10,000 பவுண்டு, அதாவது அவருடைய பத்து ஆண்டுச் சம்பளம்.

வழக்கு 1836 ஜூன் 22 அன்று நடந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட பணியாளர்கள் சாட்சி கூறினர். நடுவர் குழு, தனியறைக்குச் சென்று கலந்து பேசவும் தேவையில்லை எனக் கருதி, இருந்த இடத்திலிருந்தே மெல்பர்னுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறியது. ‘மார்னிங் கிரானிக்கிள்’ நாளிதழுக்காக அந்த வழக்கைச் செய்தியாக்கியவர் இளைஞர் சார்லஸ் டிக்கின்ஸ்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விசாரணை முழுவதும் கரோலினின் ஒழுக்கத்தைப் பற்றியது. ஆனால் வழக்கு இரு ஆண்களுக்கு இடையே நடந்ததால் கரோலின் அதில் ஒரு தரப்பு அல்ல. அவர் சாட்சி சொல்ல முடியாது. அவர் சார்பில் வழக்கறிஞரும் நிற்க முடியாது. பிற்காலத்தில் அவர் தம் கதையைத் தாமே எழுதி அச்சிட்டதற்கு வேர் இங்கேதான் உள்ளது. நீதிமன்றம் கேட்க மறுத்த சாட்சியத்தை அவர் நூலாக எழுதினார்.

தீர்ப்பு அவருடைய பெயரைக் காத்தது, விடுதலை தரவில்லை. தவறு மெய்ப்பிக்கப்படாததால் கணவர் மணமுறிவு பெற முடியாது. கொடுமைக்குப் பின்னும் கணவர் வீட்டுக்குத் திரும்பியதால், அக்கொடுமையைக் கரோலின் மன்னித்துவிட்டதாகச் சட்டம் கருதியது. எனவே அவராலும் பிரிவாணை கோர முடியவில்லை.

பிள்ளைகளும் 1839ஆம் ஆண்டுச் சட்டமும்

பிள்ளைகளை இழந்த துயரமே கரோலினை முதன்முதலில் சட்டத்தைப் பற்றி எழுத வைத்தது. 1837இல் குழந்தைகள் மீது தாய்க்குள்ள இயல்பான உரிமை குறித்து ஒரு சிறுநூலை அச்சிட்டுப் பரப்பினார். 1839இல் ‘பியர்ஸ் ஸ்டீவன்சன்’ என்னும் ஆண் பெயரில், குழந்தைப் பொறுப்பு மசோதாவை ஆதரித்து உயர் சட்ட அமைச்சருக்கு வெளிப்படைக் கடிதம் எழுதினார். பெண்ணின் பெயரில் வந்தால் வாதத்தைப் படிக்க மாட்டார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் நூன் டால்ஃபர்டு கொண்டுவந்த மசோதா 1839இல் குழந்தைகள் பொறுப்புச் சட்டமாக நிறைவேறியது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவும், அதற்கு மேற்பட்ட வயதுப் பிள்ளைகளைச் சந்திக்கவும் தாய் நீதிமன்றத்தில் கோரலாம் என்றது அச்சட்டம். தகாத உறவுக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட தாய்க்கு அந்த உரிமை இல்லை. பிள்ளைகளின் விருப்பமோ வாழ்வோ பேசப்படாமல், தந்தையின் உரிமை ஒன்றே பேசப்பட்டு வந்த சட்டத்தில் இது முதல் மாற்றம். 1873இல் வயது வரம்பு 16 ஆக உயர்த்தப்பட்டது.

ஆனால் கரோலினுக்கு அந்தச் சட்டம் உடனே பயன்படவில்லை. ஜார்ஜ் பிள்ளைகளை ஸ்காட்லாந்தில் தம் சகோதரி வீட்டில் வைத்திருந்தார். ஆங்கிலச் சட்டம் அங்கே செல்லாது. 1842இல் கடைசி மகன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றான். செய்தி கிடைத்துத் தாய் சென்று சேர்வதற்குள் சிறுவன் இறந்துவிட்டான். அதன் பின்னரே மற்ற இரு பிள்ளைகளும் தாயுடன் தங்க ஜார்ஜ் இணங்கினார்.

1853: வருமானம் யாருடையது?

1848இல் கணவருக்கு ஒரு கடன் தேவைப்பட்டது. அறக்கட்டளைச் சொத்தின் மீது அக்கடனைப் பெறக் கரோலினின் இசைவு வேண்டும். இசைவுக்கு ஈடாக ஆண்டுக்கு 500 பவுண்டு தருவதாக ஜார்ஜ் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு இறந்த மெல்பர்ன் தம் குடும்பத்தார் மூலம் கரோலினுக்குச் சிறு தொகை கிடைக்க வழி செய்திருந்தார். 1851இல் தாய் இறந்தபோது, அவர் விட்டுச்சென்ற வருமானமும் கரோலினுக்குக் கிடைத்தது. இதையறிந்த ஜார்ஜ், தாம் ஒப்புக்கொண்ட தொகையை நிறுத்தினார். கரோலின் ஒப்பந்தத்தைக் காட்டினார். அவர் பெற்ற விடை எளியது: கணவனும் மனைவியும் ஒரே நபர், ஒரே நபர் தன்னோடு ஒப்பந்தம் செய்ய முடியாது, எனவே அந்தத் தாள் செல்லாது.

கரோலினிடம் பணம் வராத வண்டி பழுது பார்ப்பவர்கள், சட்டப்படி கடனுக்குப் பொறுப்பான ஜார்ஜ் மீது வழக்குத் தொடுத்தனர். 1853 ஆகஸ்டில் வெஸ்ட்மின்ஸ்டர் மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. மனைவியின் வருமானத்தைக் காட்டுவதற்காக ஜார்ஜ் அவருடைய வங்கிக் கணக்கையும் பதிப்பாளர்களின் கணக்கேடுகளையும் நீதிமன்றத்துக்கு வரவழைத்தார். 17 ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்ட மெல்பர்ன் கதையும் மீண்டும் இழுக்கப்பட்டது. சட்ட நுணுக்கம் ஒன்றால் கடன்காரர்கள் தோற்றனர். பின்னர்க் கணவனும் மனைவியும் ‘தி டைம்ஸ்’ நாளிதழில் மாறி மாறிக் கடிதங்கள் எழுதினர்.

இரண்டு நூல்கள்

நாளிதழ்க் கடிதங்கள் போதவில்லை. 1854இல் கரோலின் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்களுக்கான ஆங்கிலச் சட்டங்கள்’ நூலைத் தனிச்சுற்றுக்காக அச்சிட்டார். திருமணம், அடி உதை, சமரசம், பிள்ளைகளின் பிரிவு, 1836 வழக்கு, 1853 வழக்கு என எல்லாவற்றையும் அதில் வரிசையாக எழுதினார். குடும்பக் கடிதங்களையும் ஆதாரமாகச் சேர்த்தார். தம்மைப் பற்றி எழுதுவது நூலின் நோக்கமன்று என்றும், ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததைக் கொண்டு சட்டத்தின் குறையைக் காட்டுவதே நோக்கம் என்றும் அதன் அமைப்பே தெளிவாக்குகிறது.

1855இல் வந்த ‘அரசிக்கு ஒரு கடிதம்’ விக்டோரியா அரசியை நோக்கி எழுதப்பட்டது. உயர் சட்ட அமைச்சர் கிரான்வொர்த் கொண்டுவந்த மணமுறிவு மசோதாவே அதன் பொருள். மனைவிக்குச் சட்டம் மறுக்கும் உரிமைகளை அவர் ஒவ்வொன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தம் வாழ்விலிருந்து எடுத்துக்காட்டுத் தருகிறார். ஒரு பெண் நாட்டையே ஆளும்போது, மற்றப் பெண்கள் சட்டத்தின் முன் இல்லாதவர்களாக இருக்கும் முரண்பாட்டையும் சுட்டுகிறார். தம் நூல்களின் பதிப்புரிமை சட்டப்படி கணவருக்கே உரியது என்பதைக் கூறி, இந்த நூலின் உரிமையையும் அவரே கேட்டுப் பெறட்டும் என்று அறைகூவல் விடுக்கிறார். கணவரைக் குற்றம் சாட்டும் நூலும் கணவரின் சொத்தே என்பதைவிட அச்சட்டத்தின் நிலையைத் தெளிவாகக் காட்ட வேறு சான்று தேவையில்லை.

கரோலின் ஆண்–பெண் சமத்துவத்துக்காகப் போராடியவர் அல்லர். சமத்துவம் கேட்கவில்லை என்றே அவர் வெளிப்படையாகக் கூறினார். அவர் கேட்டது பாதுகாப்பு. பார்பரா லீ ஸ்மித் போன்ற அக்காலப் பெண்கள் இயக்கத்தார் இதில் அவரிடமிருந்து வேறுபட்டனர். ஆயினும் இரு தரப்பாரின் எழுத்துகளும் ஒரே காலத்தில் நாடாளுமன்றத்தை எட்டின.

1857ஆம் ஆண்டுச் சட்டம்

1857இல் நிறைவேறி 1858 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருமண வழக்குகள் சட்டம், மணமுறிவைத் திருச்சபையிடமிருந்தும் நாடாளுமன்றத்திடமிருந்தும் எடுத்து ஒரு தனி நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. கணவனால் கைவிடப்பட்ட மனைவி தன் வருமானத்தைக் காத்துக்கொள்ள நீதிமன்ற ஆணை பெறலாம். வாழ்க்கைப்படியை மனைவியின் சார்பில் ஒரு பொறுப்பாளரிடம் செலுத்தச் செய்யலாம். நீதிமன்ற ஆணையால் பிரிந்து வாழும் பெண் சொத்துப் பெறலாம், ஒப்பந்தம் செய்யலாம், வழக்குத் தொடுக்கலாம். இப்பிரிவுகளில் கரோலினின் நூல்களின் தாக்கத்தை வரலாற்று ஆசிரியர்கள் காண்கின்றனர். 1848 ஒப்பந்தமும் 1853 வழக்கும் அவருக்குக் கற்பித்த பாடங்கள் இவையே.

ஆனால் சமநிலை வரவில்லை. கணவன் மனைவியின் தகாத உறவை மட்டும் காட்டினால் மணமுறிவு கிடைக்கும். மனைவியோ கணவனின் தகாத உறவோடு கொடுமை, இரண்டாண்டுக் கைவிடல், இருதார மணம் போன்ற மற்றொரு குற்றத்தையும் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் இந்த வேறுபாடு 1923இல்தான் நீங்கியது. திருமணமான பெண்ணின் வருமானம் அவளுக்கே என்பதை 1870ஆம் ஆண்டுச் சட்டமும், அவளுடைய சொத்து முழுவதும் அவளுக்கே என்பதை 1882ஆம் ஆண்டுச் சட்டமும் நிலைநாட்டின.

இந்தியாவில் தொடர்ச்சி

1857ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றியே 1869இல் இந்திய மணமுறிவுச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை மாகாணத்துத் தமிழ்க் கிறித்தவர்கள் உட்பட இந்தியக் கிறித்தவர்களுக்கு அது பொருந்தியது. கைவிடப்பட்ட மனைவியின் வருமானத்தைக் காக்கும் ஏற்பாடு அதிலும் இடம்பெற்றது. அதோடு, கணவனுக்கு ஒரு காரணம், மனைவிக்கு இரண்டு காரணம் என்ற ஏற்றத்தாழ்வும் வந்து சேர்ந்தது. மனைவியுடன் உறவு கொண்ட ஆணிடம் கணவன் நட்டஈடு கேட்கும் பிரிவும் இருந்தது. 1836இல் மெல்பர்ன் மீது தொடுக்கப்பட்ட வழக்கின் மரபு அது.

இங்கிலாந்து 1923இல் கைவிட்ட வேறுபாட்டை இந்தியச் சட்டம் 2001 வரை வைத்திருந்தது. அதற்குள் எத்தனையோ பெண்கள் கொடுமையும் கைவிடலும் மெய்ப்பிக்கப்பட்ட பின்னும் கணவனின் தகாத உறவைக் காட்ட முடியாமல் மணமுறிவு பெற இயலாது நின்றனர். 1995இல் கேரள உயர்நீதிமன்றம் இந்த ஏற்றத்தாழ்வு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் இருபாலருக்கும் ஒரே காரணங்களை வகுத்ததோடு, நட்டஈட்டுப் பிரிவையும் நீக்கியது.

நினைவுநூலைச் சான்றாகப் படித்தல்

மணமுறிவு பற்றிய நினைவுநூல் எப்போதும் ஒரு தரப்பின் கூற்று. கரோலினின் நூல்களும் அப்படியே. ஜார்ஜ் தம் தரப்பை ‘தி டைம்ஸ்’ கடிதத்தில் கூறியுள்ளார். மூடிய அறையில் இருவருக்கிடையே நடந்ததை இன்று எவரும் உறுதி செய்ய முடியாது. எனவே மாணவர்கள் இந்நூல்களைப் படிக்கும்போது இரண்டு வகைச் செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உணர்ச்சியும் உள்நோக்கமும் பற்றிய கூற்றுகள் ஒரு வகை. வழக்குத் தீர்ப்பு, ஒப்பந்தம், பிள்ளைகள் இருந்த இடம், கணக்கேடு ஆகியவை மற்றொரு வகை. இரண்டாம் வகைச் செய்திகளைப் பிற ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். கரோலினின் வாதம் பெரும்பாலும் இரண்டாம் வகையின் மீதே நிற்கிறது. கணவர் கெட்டவர் என்று வாசகர் நம்பாவிட்டாலும், சட்டம் தவறானது என்று ஏற்க அதுவே போதும். ஆண்டுகள் பல கடந்தும் அந்நூல்கள் மதிப்பிழக்காததற்கு இதுவே காரணம்.

இத்தகைய எழுத்துக்கு விலையும் உண்டு. வீட்டுக் கடிதங்கள் அச்சேறின. வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் பெற்றோர் கதை ஊர்ப் பேச்சானது. ஜார்ஜ் மெரிடித் 1885இல் வெளியிட்ட ‘டயானா ஆஃப் தி கிராஸ்வேஸ்’ புதினம் கரோலினின் வாழ்வைத் தழுவியது. அரசாங்க இரகசியம் ஒன்றை அவர் நாளிதழுக்கு விற்றார் என்னும் பொய்யான பழைய வதந்தியையும் அது பயன்படுத்தியது. அக்கதையை உண்மையாகக் கொள்ள வேண்டாம் என்னும் குறிப்புப் பின்வந்த பதிப்புகளில் சேர்க்கப்பட்டது.

இறுதிக் காலம்

மூத்த மகன் ஃபிளெச்சர் 1859இல் காச நோயால் இறந்தார். மணமுறிவுச் சட்டம் வந்த பின்னும் கரோலின் மணமுறிவு பெறவில்லை. அவருடைய திருமணம் முடிவுக்கு வந்தது 1875இல் ஜார்ஜ் இறந்தபோதுதான். 1877 மார்ச்சில் நெடுநாள் நண்பரான சர் வில்லியம் ஸ்டிர்லிங்-மேக்ஸ்வெல்லை மணந்தார். அதே ஆண்டு ஜூன் 15 அன்று காலமானார். மகன் பிரின்ஸ்லியும் அடுத்த சில வாரங்களில் இறந்தார்.

1839ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அவருடைய பிள்ளைகள் அதன் எல்லைக்கு வெளியே இருந்தனர். 1857ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அவருக்கு வயது 49. இரண்டும் அவருக்காகப் பயன்பட்டதைவிட, அவர் அறியாத பெண்களுக்கே மிகுதியாகப் பயன்பட்டன. அவர் வாழ்ந்த லண்டன் மேஃபேர் வீட்டில் 2021இல் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. டேனியல் மக்லீஸ் பிரித்தானியப் பிரபுக்கள் அவைக்காக வரைந்த ‘நீதியின் உருவம்’ என்னும் சுவரோவியத்தில், நீதித் தேவதைக்கு மாதிரியாக அமர்ந்தவரும் கரோலினே.